தேய்வா, கார்பனா: பனியுகப் பல்லை வாசிக்கும் இரு வழிகள்

பனியுக விலங்கின் உணவை அறிய, பல்லின் நுண்தேய்வை உருப்பெருக்கியில் பார்க்கலாம். அல்லது பல்லின் கடினமான மேலுறையான பற்சிப்பியின் கார்பன் ஐசோடோப்புகளை, அதாவது எடையில் மட்டும் வேறுபடும் கார்பன் அணு வகைகளை, அளக்கலாம். நெல் வைக்கோலை உருவும்போது உள்ளங்கையைக் கீறும் சிலிக்கா, புல் மேய்ந்த பல்லிலும் மெல்லிய கோடுகளை விடுகிறது. கொட்டைகளைக் கடித்த பல்லிலோ குழிகள் தெரியும். ஆயினும் தேய்வு காட்டுவது கடைசிச் சில நாட்களின் அல்லது வாரங்களின் தீனியை மட்டுமே. புழுதியும் கீறும் என்பதையும் மறக்கலாகாது.

கார்பன், பல் வளர்ந்த காலம் முழுவதையும் சேர்த்துச் சொல்லும். தஞ்சாவூர்ப் பக்கத்து மாடு வைக்கோல் தின்றதா, கரும்புத் தோகை தின்றதா என்று கேட்டால் அது தயங்காது. ஒளிச்சேர்க்கையில் கார்பனைப் பிடிக்கும் முறையை வைத்துப் பெரும்பாலான செடிகளை சி-3, சி-4 எனப் பிரிப்பார்கள்: நெல் சி-3 வகை, கரும்பு கனமான கார்பன்-13 ஐசோடோப்பு மிகுந்த சி-4 வகை. வைக்கோலா, பூவரசந்தழையா என்று கேட்டால் திணறும், ஏனெனில் இரண்டுமே சி-3.

யானையின் அழிந்துபோன உறவான சைபீரியக் கம்பளி மாமூத்திடமும் இதே சிக்கல்தான்: குளிர்நிலப் புல்லும் வில்லோ இலையும் சி-3 என்பதால், அங்கே நான் தேய்வையே முதலில் நம்புவேன். வட அமெரிக்காவின் வெப்பமான தென்பகுதியில், சி-4 புல் மேய்ந்த கொலம்பிய மாமூத்தையும் தழை தின்ற, யானையின் தூரத்து உறவான மாஸ்டோடானையும் கார்பன் தெளிவாகப் பிரித்துவிடுகிறது. புல்வெளியா, மரக்காடா என்பதும் அதிலேயே புலப்படுகிறது.