இமயமா, ஆண்டிஸா: மலை உருவான கதையைச் சொல்ல எது தோது?

மலை எப்படி உருவாகிறது என்பதைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு விளக்க ஒரே ஒரு மலைத்தொடரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நான் இமயத்தை எடுத்தேன். தென்னமெரிக்காவின் மேற்கோரமாக ஓடும் ஆண்டிஸ் மலைத்தொடரின் பக்கம் நிற்பவர்களின் வாதமும் சொத்தையானதல்ல.

   

ஆண்டிஸின் பலம் எளிமை. கடலடி நாஸ்கா தட்டு, அதாவது பூமியின் மேலோட்டில் மெல்ல நகரும் பெரும் பாளங்களில் ஒன்று, தென்னமெரிக்காவுக்குக் கீழே இறங்குகிறது. பாறை உருகி மேலே எரிமலையாகிறது. 1960இல் சிலியை உலுக்கிய 9.5 அளவு நிலநடுக்கமும் இந்த எல்லையில்தான். ஒரு படம் போட்டால் புரிந்துவிடும்.

இமயத்தில் மோதியவை இரண்டு கண்டப் பகுதிகள்: இந்தியாவும் ஆசியாவும். கண்டப் பாறை எடை குறைந்தது, லேசில் கீழே போகாது. அதனால் சுமார் 5 கோடி ஆண்டுகளாக மடிந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் தடித்துக்கொண்டே வருகிறது. எவரெஸ்ட் உச்சியிலேயே கடலடிச் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. ஆனால் கடல் சிப்பிகளை டார்வின் ஆண்டிஸிலும் பார்த்திருக்கிறார், ஆகவே அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

என்னை இமயத்தின் பக்கம் இழுத்தவை ஆறுகள். மலை முகடுதானே நீரை இரு பக்கமும் பிரிக்க வேண்டும்? சிந்துவும் சட்லெஜும் முகட்டுக்கு வடக்கே, திபெத்தில் பிறந்து, மலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு தெற்கே வருகின்றன. நேபாளத்தின் காளி கண்டகி ஆறு 8,000 மீட்டரைத் தாண்டிய தவுளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவே போகிறது. எழுந்துவிட்ட மலையை ஏறிக் கடக்க எந்த ஆற்றாலும் முடியாது. ஆறு முதலில் இருந்தது. மலை எழ எழ அது அறுத்துக்கொண்டே போனது என்பதுதான் பொதுவான விளக்கம். எல்லா ஆற்றுக்கும் இது அப்படியே பொருந்தாது. பிரம்மபுத்திராவின் பழைய பாதை பற்றி இன்னும் விவாதம் நடக்கிறது. ஆண்டிஸிலும் மாரன்யோன் போல மலையை அறுக்கும் ஆறுகள் உண்டு. ஆனாலும் நிலப்படத்தை விரித்ததும் படிப்பவரே 'இது எப்படி?' என்று கேட்பது இமயத்தில்தான்.

எரிமலையைக் காட்ட வேண்டுமென்றால் யோசிக்காமல் ஆண்டிஸுக்குப் போகலாம். ஆனால் மோதலுக்கு முன், இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே இருந்த டெத்திஸ் கடலின் தரை ஆசியாவுக்குக் கீழே இறங்கிய காலத்தில், இங்கேயும் அதே வேலைதான் நடந்தது. லடாக்கின் கிரானைட் மலைகள் அந்தப் பழைய எரிமலை வரிசையின் அடிப்பகுதி.