டிடிரெஸ்க்யூ: சாகக்கிடக்கும் ஹார்டு டிஸ்க்குக்கு முதலில் தேவைப்படுவது

ஹார்டு டிஸ்க் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் பலர் செய்வது, ஏதோ ஒரு ரெக்கவரி சாஃப்ட்வேரை இறக்கி அந்த டிஸ்க்கின் மேலேயே ஸ்கேன் ஓட்டுவதுதான். விண்டோஸ் என்றால் பிழை திருத்தப் பார்க்கும் செக்டிஸ்க் வேறு. மிச்ச உயிரையும் வாங்கிவிடும். முழு டிஸ்க்கையும் முதலில் நகலெடுத்துவிட்டு, அப்புறம் என்ன ஸ்கேன் வேண்டுமோ அதை நகலில் ஓட்டுங்கள்.

நகலெடுக்க நான் நம்புவது ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ. அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதியது, இலவசம். உபுண்டுவில் ஜிடிடிரெஸ்க்யூ என்ற பேக்கேஜாகக் கிடைக்கும். நடுவில் அடிக்கோடு போட்டு இதே பெயரில் இன்னொன்று உண்டு, அது கர்ட் கார்லோஃப் எழுதிய வேறு புரோகிராம்.

சாதாரண காப்பி கெட்ட செக்டார் (டிஸ்க்கின் சின்னச் சேமிப்புத் துண்டு) வந்ததும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். இது பரீட்சையில் தெரிந்த கேள்விகளை முதலில் எழுதுகிற பிள்ளை மாதிரி, சுலபமாகப் படிக்க முடிந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு, பிழை வந்த இடத்தைக் குறித்துவைத்துவிட்டுத் தாண்டிப் போகிறது. பிறகு திரும்பி வந்து குறித்த பகுதிகளை ஓரங்களிலிருந்து சுருக்கி, கடைசியில்தான் ஒவ்வொரு செக்டாராகச் சுரண்டிப் பார்க்கிறது. எப்போது வேண்டுமானாலும் கைவிரிக்கக்கூடிய டிஸ்க்கில் இந்த வரிசைதான் எல்லாமே.

உறவினர் ஒருவரின் 1 டிபி லேப்டாப் டிஸ்க்கில் ஓட்டினேன், கல்யாணப் போட்டோக்கள் இருந்தது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் பெண்டிங் செக்டார், அதாவது படிக்கத் தகராறு செய்யும் செக்டார், எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. நல்ல டிஸ்க் என்றால் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 3 மணி நேரத்துக்குள் முடிகிற வேலை, இதில் பெரும்பகுதி ஓரளவு சீக்கிரம் வந்துவிட்டது, கடைசித் துளிக்குத்தான் உயிர் போனது. அதனால் சுரண்டும் கட்டத்தைத் தவிர்க்கும் ஆப்ஷனோடு முதல் ஓட்டத்தை முடித்து, கிடைத்ததைப் பத்திரப்படுத்திய பிறகு மீதிக்குப் போவது நல்லது. போட்டோக்களை நகலிலிருந்து ஃபோட்டோரெக் என்ற ரெக்கவரி சாஃப்ட்வேர் எடுத்துக் கொடுத்தது.

மேப்ஃபைல்தான் இதன் உயிர்நாடி. எது வந்தது, எது வரவில்லை என்று எழுதிக்கொண்டே போகும், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் மேப்ஃபைல் பெயர் கொடுக்காவிட்டாலும் புரோகிராம் பாட்டுக்கு ஓடும், அதை ஏன் அனுமதிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. லைவ் யுஎஸ்பியில் (பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) பூட் செய்தவர்கள் மேப்ஃபைலை வேறொரு டிரைவில் வையுங்கள், டெஸ்க்டாப்பில் வைத்தால் ரீஸ்டார்ட் ஆனதும் பொதுவாகக் காணாமல் போய்விடும்.

குறைகளுக்கு வருவோம். எல்லாம் கட்டளை வரியில்தான். முதலில் கெட்ட டிஸ்க், அடுத்து புது டிஸ்க், இந்த வரிசையை மாற்றி அடித்தால் காலி டிஸ்க்கை போட்டோ டிஸ்க்கின் மேல் எழுதிவிடும். டிஸ்க்கின் மேல் எழுத ஃபோர்ஸ் ஆப்ஷன் கட்டாயம் என்பதால் இருக்கிற ஒரே தடுப்பையும் நாமே கழற்றிவிடுகிறோம், எனவே எண்டர் தட்டும் முன் இரண்டின் சீரியல் நம்பரையும் சரிபாருங்கள். இன்னொன்று, இதற்கு ஃபைல் சிஸ்டம், அதாவது எந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற கணக்கு, தெரியாது. 1 டிபி டிஸ்க்கில் 100 ஜிபிதான் நிரம்பியிருந்தாலும் காலி இடத்தையும் சேர்த்தே படிக்கும், எடுத்துவைக்கும் டிஸ்க்கும் அதே அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். மேப்ஃபைலைப் படமாகப் பார்க்க விரும்பினால் டிடிரெஸ்க்யூவியூ தனியாகக் கிடைக்கிறது.

யுஎஸ்பி பெட்டியில் மாட்டி ஓட்டாதீர்கள், பிழை வந்தால் பல பெட்டிகள் தொடர்பையே துண்டித்துவிடும், முடிந்தவரை கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சாட்டா போர்ட்டில் நேராக மாட்டுங்கள். சில கையடக்க டிஸ்க்குகளில் யுஎஸ்பி போர்ட்டையே போர்டில் பற்றவைத்திருப்பார்கள், அங்கே வேறு வழியில்லை. டிஸ்க்குக்குள் டிக் டிக் என்று சத்தம் கேட்டால் இதையும் ஓட்டாமல் கரண்டைப் பிடுங்கிவிடுங்கள். டேட்டாவைப் படிக்கும் ஹெட் போயிருக்க வாய்ப்பு அதிகம், அதற்கு டிஸ்க்கைத் திறந்து வேலை பார்க்கும் லேப்தான்.