பதினெட்டுப் பேரின் முதல் ஆல்பம்: ‘இன்ஃபெர்னல் மெஷின்ஸ்’

இசையமைப்பாளர் டார்சி ஜேம்ஸ் ஆர்க்யூவின் ‘சீக்ரெட் சொசைட்டி’ ஜாஸ் குழு 2009-இல் நியூ ஆம்ஸ்டர்டாம் ரெக்கார்ட்ஸ் மூலம் வெளியிட்ட முதல் ஆல்பம் இது. மொத்தம் ஏழு உருப்படிகள். பழைய ஜாஸ் குழுத்தலைவர் கவுண்ட் பேஸி பாணியில் துள்ளலான ஸ்விங் தாளத்தை எதிர்பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வாத்திய அமைப்பு என்னவோ பழைய ‘பிக் பேண்ட்’ எனும் பெரிய ஜாஸ் குழுவுடையதுதான். சாக்ஸபோன் வரிசையில் ஐந்து பேர், டிரம்பெட் ஐந்து, டிராம்போன் நான்கு, அதோடு கிட்டார், பியானோ, பேஸ், டிரம்ஸ். வித்தியாசம் இவற்றைப் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது. சாக்ஸபோன்காரர்கள் அடிக்கடி புல்லாங்குழலுக்கும் கிளாரினெட்டுக்கும் மாறுவதால், பித்தளை வாத்தியங்களுக்கு அடியில் மங்கலான மர ஒலி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. கிட்டார் ராக் இசையின் கரகரப்போடு வருகிறது. சிறிய தாளத் துணுக்கு ஒன்று ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கனம் கூடிக்கொண்டே போகும். ஜாஸ் இசையமைப்பாளர் பாப் புரூக்மேயரிடம் ஆர்க்யூ கற்ற பாடம் இதில் தெரிகிறது: தனி வாசிப்பு எழுதிவைத்த இசையிலிருந்து முளைத்து வருகிறது, நடுவில் செருகியதாகத் தோன்றுவதில்லை.

‘டிரான்சிட்’ உருப்படியில் டிரம்பெட் கலைஞர் இங்க்ரிட் ஜென்சன் இதற்கு நல்ல சான்று. அவர் வாசிக்க வாசிக்கப் பின்னணி நெருங்கி வந்து அழுத்துகிறது, அவரும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆல்பத்தை இங்கே தொடங்குவதே நல்லது. முதலில் இருக்கும் ‘ஃபோபோஸ்’ மிக மெதுவாகச் சூடேறும். பாதியில் நிறுத்திவிட்டால் மார்க் ஸ்மாலின் டெனர் சாக்ஸபோன் உங்களுக்குக் கிடைக்காது.

கனமான உருப்படி ‘ஹேபியஸ் கார்பஸ்’ (ஆட்கொணர்வு மனு). கனடா குடிமகன் மாஹர் அராரை 2002-இல் நியூயார்க் விமான நிலையத்தில் பிடித்து, குற்றச்சாட்டு எதுவும் இல்லாமலே சிரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே சித்திரவதைக்கு உள்ளானார். அவருக்கான அர்ப்பணம் இது. வார்த்தையே இல்லாத இசையில் அரசியல் பேசுவது சுலபமில்லை. திரும்பத் திரும்ப வரும் தாளத் துணுக்கின் இறுக்கத்தை வைத்தே ஆர்க்யூ அதைச் சாதிக்கிறார்.

குறையும் உண்டு. தணிந்து தொடங்கி உச்சிக்கு ஏறும் அதே வடிவம் பல உருப்படிகளில் திரும்புவதால், ஏழையும் ஒரே மூச்சில் கேட்டால் நான்காவதிலேயே அடுத்து என்ன வரும் என்று ஊகித்துவிடலாம். மூன்று, நான்காகப் பிரித்துக் கேளுங்கள்.

செல்போன் ஸ்பீக்கர் இதற்கு உதவாது. பேஸ் டிராம்போனும் டபுள் பேஸும் காணாமல் போய், டிரம்பெட்டின் கூச்சல் மட்டும் மிஞ்சும். ஹெட்போனில் கேட்பவர்கள் ‘ஃபோபோஸ்’ தொடக்கத்தை வைத்து வால்யூமைத் தீர்மானிக்க வேண்டாம். அதன் உச்சத்தை ஒருமுறை ஓடவிட்டு, காது தாங்கும் அளவில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து வாருங்கள். தொடக்கம் சன்னமாகத்தான் கேட்கும். ஸ்ட்ரீமிங் செயலியில் எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.