மாத்திரை ஆப், இரண்டு வருஷத்துக்கு அப்புறம்

போன வாரம் ரத்தம் ஏற்றப் போயிருந்தபோது பக்கத்துக் கட்டில் தம்பி, பிளஸ் ஒன் படிக்கிறான், "அக்கா, நீங்க வச்சிருக்கிற அந்த மாத்திரை ஆப்பை நானும் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டான். உடனே பதில் சொல்ல வரவில்லை. தண்டையார்பேட்டைக்கு பஸ்ஸில் திரும்பும் வரைக்கும் அதே யோசனைதான்.

தலசீமியா மேஜர், அதாவது பிறவியிலேயே உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத நோய், இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம், ஒவ்வொரு யூனிட்டோடும் 200 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு உள்ளே வரும், அதை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது, அதனால் தினமும் இரும்பை வெளியேற்றுகிற டெஃபெராசிராக்ஸ் மாத்திரை. என்னுடையது கரைத்துக் குடிக்கிற வகை. வெறும் வயிற்றில் குடித்து, அரை மணி நேரம் கழித்துத்தான் இட்லி. ஆப் காலை ஆறரைக்கு அடிக்கும். ஒரு நாளும் ஏமாற்றியதில்லை.

உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் அளவு 3,400-லிருந்து 1,900-க்கு இறங்கியது ஆப்பில் ஒரே கோடாகத் தெரியும். இத்தனை வருஷம் நோட்டில் எழுதி வைத்த அம்மா, போனை வாங்கி ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். டிசம்பர் மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்ற வாரம் எனக்கு வாந்தி, பேதி. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் ஏறிவிட்டது, மாத்திரையை நிறுத்தச் சொன்னார் டாக்டர். 12 நாள். ஆப்பில் இருப்பது 'எடுத்தேன்', 'தவறவிட்டேன்' என்று இரண்டே பட்டன். டாக்டர் நிறுத்தச் சொன்னார் என்று பதிய இடமே இல்லை. 12 நாளும் சிவப்புப் புள்ளி, போதாததற்கு 'உங்கள் உடல்நலத்தில் அக்கறை காட்டுங்கள்' என்று தினமும் ஒரு மெசேஜ். மாத்திரையைத் தொடாமல் இருந்ததுதானே அந்த நாட்களில் நான் காட்டிய அக்கறை! இரண்டு தடவை எழுதிப் போட்டேன், நன்றி என்று பதில் வந்தது, மூன்று அப்டேட்டும் வந்தது, பட்டன் இன்னும் இரண்டுதான்.

எனக்கு 23 வயது, டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். 16 வயதுப் பையன் அந்தச் சிவப்பைப் பார்த்துப் பயந்து, உடம்பில் நீர் வற்றிக் கிடக்கிற நேரத்தில் மாத்திரையைக் கரைத்துக் குடித்தால் அடி விழுவது சிறுநீரகத்துக்கு.

இப்போதைக்கு வேண்டாம்டா, போன் அலாரமும் ஒரு நோட்டும் போதும் என்று அவனுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன். நான் மட்டும் ஆப்பை என் போனிலிருந்து நீக்கவில்லை, ஃபெரிட்டின் இறங்குகிற அந்தக் கோட்டை விட மனசு வரவில்லை. மூன்றாவது பட்டன் வருகிற அன்றைக்கு அவன் போனில் நானே போட்டுத் தருவேன்.