கன்வெக்‌ஷன் ஓவன்னு சொல்லி 14,500 ரூபாயை வாங்கிட்டு காத்தாடி இல்லாத பெட்டியைத் தந்தாங்க: குமரிக்காரங்க கவனிங்க

மக்களே, வயித்தெரிச்சல்லதான் எழுதுறேன். 14,500 ரூபாய். ரப்பர் ஷீட் வித்த காசு. கன்வெக்‌ஷன் ஓவன்னு சொல்லித் தந்தது, உள்ள காத்தாடியே இல்லாத சாதா ஓவன். கடைப் பேரை எழுத வேண்டாம்னு வக்கீல் சொல்லியிருக்காரு. களியக்காவிளை தாண்டி கேரளா பக்கம், ஓணத்துக்குப் பெரிய பேனர் கட்டி வீட்டுச் சாமான் விக்கிற கடைன்னு மட்டும் வச்சுக்கிடுங்க. ஓவன் வாங்கப் போறவங்க என்னென்ன பாக்கணும்னு கடைசியில வரிசையா எழுதுறேன்.

வீட்டுக்காரருக்கு கொழுப்பு கூடிப்போச்சு. பொரிச்ச மீனை விடச் சொல்லிட்டாரு மார்த்தாண்டத்து டாக்டர். தேங்கா எண்ணெயில சாளை பொரிக்காத வீடு எங்க ஊர்ல உண்டா? மரச்சீனிக் கிழங்கு இருந்தா பக்கத்துல பொரிச்ச மீன் இருக்கணும் அவருக்கு. கன்வெக்‌ஷன் ஓவன்ல ஒரு கரண்டி எண்ணெயில மீனும் கோழியும் சுட்டுடலாம்னு நாத்தனார் சொன்னா. அவ சொன்னது பொய்யில்ல. உள்ள இருக்கிற காத்தாடி சூட்டுக் காத்தை எல்லாப் பக்கமும் சுத்தவிடும், அதனாலதான் எண்ணெயில முக்காமலே மீன் நாலு பக்கமும் சிவக்குது. காத்தாடி இல்லைன்னா சூடாகுற கம்பிப் பக்கத்துலதான் சூடு அதிகம். இந்த ஒரு காத்தாடிக்குத்தான் அவ்வளவு விலை.

1956ல எங்க குமரி மாவட்டத்தைத் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்த்தாங்க, ஆனா சாமான் வாங்குறதுல எங்களுக்கு எந்தக் காலத்துலயும் எல்லை கிடையாது. ஓணம்னா அந்தப் பக்கம் தள்ளுபடி, அங்கதான் போவோம்.

கடையில ஒரு பையன். என்ன மரியாதை தெரியுமா! நாங்க உள்ள நுழைஞ்சதும் மாமியாருக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டான். "சேச்சி, ஒரு துள்ளி எண்ணெ வேண்டா, நோக்கிக்கோ"ன்னு எங்க முன்னாலயே கோழிக் காலை உள்ள வச்சான். டெமோ ஓவன் கண்ணாடி வழியா வலது பக்கச் சுவர்ல காத்தாடி சுத்துறது தெரிஞ்சுது, சத்தமும் கேட்டுது. கோழி சிவந்து வந்தது. பிச்சு முதல்ல மாமியார் கையிலதான் குடுத்தான், "அம்மா, சூடு, ஊதித் தின்னணும்". மாமியாருக்குப் பாதி மனசு அங்கயே கரைஞ்சு போச்சு. வீட்டுக்காரருக்குக் கொழுப்புன்னு நான் சொன்னதும், அவனோட அச்சனுக்கும் அதே சூக்கேடு, வீட்டுல இதுலதான் மீன் சுடுறாங்கன்னான். அதுக்கு மேல என்ன யோசிக்க? 14,500 ரூபாயை நோட்டா எண்ணி வச்சோம். பில்லுல "ஓவன் 1"ன்னு மட்டும் எழுதியிருந்தான். மாடல் நம்பர் எங்கன்னு கேட்டதுக்கு, அது வாரண்டி கார்டுல வரும் சேச்சின்னு சிரிச்சான்.

டெலிவரிக்கு வந்த ஆளு அவனே பெட்டியைப் பிரிச்சு அடுக்களையில வச்சான். அட்டைப்பெட்டியை ஓணம் குலுக்கலுக்கு ஒட்டணும்னு திரும்பக் கொண்டு போயிட்டான். எம்ஆர்பி அச்சடிச்சிருக்கிறது அந்த அட்டையிலதானே! கள்ளப் பயலுவ.

தேங்காப்பட்டணத்து சாளை. மிளகு, மஞ்சள், சின்ன உள்ளி, காந்தாரி அரைச்சுத் தடவி 200 டிகிரியில வச்சேன். மேல கரி, அடியில பச்சை ரத்தம். கோழி வச்சேன், அதுவும் அப்படியே. சத்தமே கேக்கலியேன்னு டார்ச் அடிச்சு உள்ள பாத்தா, வலது பக்கச் சுவர் மொழுமொழுன்னு இருக்கு. ஓட்டையுமில்ல, காத்தாடியுமில்ல. நாத்தனார் தட்டு முழுக்க ரொட்டித் துண்டு பரப்பி வைக்கச் சொன்னா. காத்து சுத்தினா எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி சிவக்கணும். எனக்கு நடுவுல நாலு கருகிச்சு, ஓரத்துல உள்ளது வெள்ளையாவே கிடந்துது.

போன் போட்டேன். அதே பையன், அதே "சேச்சி". இது சத்தம் கேக்காத மாடலாம். சுவர்ல ஒண்ணுமே இல்லியேன்னா, உள்ளுக்குள்ள இருக்கும்னான். அடுத்த தடவை, உங்க தமிழ்நாட்டுல வோல்டேஜ் குறைவு, அதான் சுத்தலன்னான். இல்லாத காத்தாடி வோல்டேஜுக்காகக் காத்திருக்காம்! அப்புறம் முதலாளி கல்யாணத்துக்குப் போயிருக்காரு, ஓணம் கழியட்டும், ஸ்டாக் வரட்டும். நேர்ல போனா பையன் வேற கிளைக்கு மாறிட்டானாம், கவுண்டர்ல இருந்த ஆளு தலையைத் தூக்காமலே "கம்பெனியோட சோதிக்கணும்"னாரு, கம்பெனிகிட்ட கேக்கணுமாம். நாங்க நிக்கும்போதே அதே டெமோ ஓவன்ல வேற ஒரு குடும்பத்துக்குக் கோழிக் காலு வெந்துகிட்டு இருக்கு. நான் சத்தமாவே சொன்னேன், வாங்காதீங்கன்னு. என்னைத்தான் வெளிய போகச் சொன்னாங்க.

கம்பெனிக்கு அடிச்சா, கேரளா டீலர்கிட்ட வாங்கினதுக்கு கேரளா கிளையைக் கேளுங்கன்னான். கேரளா கிளையில, உங்க முகவரி தமிழ்நாடுன்னான். நாகர்கோவில் சர்வீஸ் சென்டர்ல ஒரு புண்ணியவான்தான் பெட்டியைத் திருப்பிப் பின்னால இருக்கிற தகட்டைப் படிச்சாரு. "அக்கா, இது கீழ உள்ள மாடல், இதுல ஃபேனே வராது. ஏழாயிரத்துச் சொச்சம்தான் விலை." பாத்தா ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும், மாடல் நம்பர்ல ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அதுக்கு நாங்க குடுத்தது 14,500.

சரி, சொன்னபடி எழுதுறேன், பொறுமையா எழுதத்தான் முடியல. பில்லுல மாடல் நம்பர் முழுசா இல்லாம காசை எடுக்காதீங்க. திருகுற குமிழ்ல காத்தாடிப் படம் இருக்கான்னு பாருங்க, கண்ணால காத்தாடியையும் பாருங்க. டெமோ பீஸ் நம்பரும் வீட்டுக்கு வந்த பீஸ் நம்பரும் ஒண்ணான்னு ஆளு நிக்கும்போதே பாத்துடுங்க. அட்டைப்பெட்டியைக் குடுக்கவே குடுக்காதீங்க. 16 ஆம்ப் பிளக் வேணும், அது வேற விஷயம். நிஜமான கன்வெக்‌ஷன் உங்களுக்குக் கிடைச்சா, சாதா ஓவனுக்கு எழுதின குறிப்புல ஒரு 20 டிகிரி குறைச்சு வையுங்க.

இன்னொண்ணு, எல்லைக்காரங்களுக்கு முக்கியம். கேரளாவுல வாங்கினா கேரளாவுலதான் கேஸ் போடணும்னு கடையில பயமுறுத்துனாங்க. பொய். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், எங்களுக்கு நாகர்கோவில். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் உள்ள சாமானுக்குக் கட்டணமே கிடையாது. முதல்ல 1915ங்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் பதிஞ்சாச்சு. பில், வாரண்டி கார்டு, பின்பக்கத் தகடு, காத்தாடி இல்லாத சுவர் எல்லாத்தையும் படம் எடுத்து வச்சிருக்கேன். இந்த ஓணத்துக்கு இதே மாதிரி ஏமாந்தவங்க களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் இருந்தா எனக்குச் சொல்லுங்க, சேர்ந்தே கேஸ் போடுவோம். 14,500 ரூபாயை நான் விடப்போறதில்ல.