மூன்றாவது ஸ்ட்ரிங்கை அரைச் சுரம் இறக்கி இரண்டு வருஷம்

என் நைலான் கிட்டாரின் மூன்றாவது ஸ்ட்ரிங்கை ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இறக்கி வருகிற தையோடு இரண்டு வருஷம் ஆகிறது. மற்ற ஐந்தையும் தொடவில்லை. தடித்த ஸ்ட்ரிங்கிலிருந்து சொன்னால் ஈ, ஏ, டி, எஃப் ஷார்ப், பி, ஈ. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வாசித்த லூட் என்ற தந்தி வாத்தியத்துக்கும், அதே காலத்தில் ஸ்பெயினில் இருந்த கிட்டார் மாதிரியான விஹுவேலாவுக்கும் ஸ்ட்ரிங்குகளுக்கு நடுவே இருந்த இடைவெளி இதுதான். ஒரே ஒரு ஆணியை கொஞ்சம் தளர்த்தினால் போதும் என்பதால் பலரும் ஒரு சாயங்காலம் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் விட்டேன். இது ஒரு சாயங்காலத்தில் பிடிபடுகிற விஷயம் இல்லை.

காரைக்குடியில் எங்களுடையது பழைய வளவு வீடு. அத்தை வீணை வாசிப்பார். இந்த ஊரில் வீணை என்றால் சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் சகோதரர்கள் பேச்சு வராமல் இருக்காது. மூத்தவர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்தவர் என்பதைச் சின்ன வயதில் அத்தை சொல்லித்தான் கேட்டேன். நான் நாலு வருஷம் வீணை கற்றுக்கொண்டு, காலேஜ் போனதும் கிட்டாருக்கு மாறியவன். லூட் இசையைக் கிட்டாருக்கு மாற்றி எழுதிய நோட்டேஷனை வைத்து ரொம்ப நாள் வாசித்தேன், ஆனால் சுலபமாக ஓட வேண்டிய இடத்தில் விரல் முறுக்கிக்கொள்ளும், ஒரே நேரத்தில் ஓடுகிற குரல்களில் (இசை வரிகளில்) ஒன்றைப் பிடித்து வைத்தால் இன்னொன்று பாதியில் அறுந்து போகும். குறை என் கையில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் விஹுவேலாக் கலைஞர் லூயிஸ் மிலான் 1536-ல் வலென்சியாவில் அச்சிட்ட டேப்லேச்சரை (எந்த ஸ்ட்ரிங்கில் எந்த பிரெட்டைப் பிடிப்பது என்று காட்டும் எழுத்துமுறை, சுருக்கமாக டேப்; பிரெட் என்பது வீணையின் மெட்டு மாதிரி) எடுத்து, ஸ்ட்ரிங்கை இறக்கி, அதில் போட்டிருக்கிற எண்களையே அப்படியே பிடித்துப் பார்த்தேன். விரல்கள் தானாகப் போய் உட்கார்ந்தன. அவருடைய டேப்பில் மேல் கோடுதான் மெல்லிய ஸ்ட்ரிங், திறந்த ஸ்ட்ரிங்குக்குப் பூஜ்யம், அதாவது இன்றைய கிட்டார் டேப் படிக்கத் தெரிந்தவர் நேராகவே படிக்கலாம். இத்தாலிய டேப் தலைகீழ், அதில் கீழ்க்கோடுதான் மெல்லிய ஸ்ட்ரிங். இங்கிலாந்துக்காரர்கள் பயன்படுத்திய பிரெஞ்சு முறையில் எண்ணுக்குப் பதில் எழுத்து, ‘ஏ’ என்றால் திறந்த ஸ்ட்ரிங். எனக்கு அந்த எழுத்துகள் பழக மூன்று வாரம் ஆனது.

கார்டுகள், அதாவது பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் பிடிகள், மாறும், அதை மனதில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். மூன்றாவது ஸ்ட்ரிங்கில் எந்தச் சுரம் வந்தாலும் ஒரு பிரெட் மேலே பிடிக்க வேண்டும். ஈ மேஜர் சுலபமாகிவிடுகிறது, ஐந்து, நான்கு, மூன்று ஆகிய ஸ்ட்ரிங்குகளை இரண்டாவது பிரெட்டில் ஒரே விரலால் அமுக்கினால் முடிந்தது. பி மைனர்தான் எனக்குப் பெரிய சந்தோஷம்: ஐந்தாவதிலும் முதலாவதிலும் இரண்டாவது பிரெட், நடுவில் மூன்றும் திறந்தபடி, ஒரு விரலைக் குறுக்கே படுக்க வைத்து அமுக்குகிற பார் போடவே வேண்டாம். நான்காவதில் முதல் பிரெட்டையும் சேர்த்தால் அதுவே பி மேஜர். பதிலுக்கு ஜி, சி இரண்டுக்கும் ஒரு விரல் கூடுதலாகச் செலவாகும், சினிமாப் பாட்டு வாசிக்கிறவர்களுக்கு இது உறுத்தும்.

இனி சுருதி. இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். டியூனரைக் கிட்டார் மோடில் வைத்தால் அது ஜி-யைத்தான் தேடும், எல்லாச் சுரத்தையும் காட்டுகிற குரோமாட்டிக் மோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்படிப் பச்சை விளக்கு எரிகிற வரை சரியாகக் கூட்டிவிட்டு ஒருநாள் முற்றத்தில் உட்கார்ந்து நான்காவதையும் மூன்றாவதையும் சேர்த்து மீட்டினேன். அடுப்படியிலிருந்து அத்தை கேட்டார்: “ஏன்டா, காந்தாரம் ஏறி நிக்குதே?” அவர் காது தப்பாது. டி-யை சட்ஜமாக வைத்தால் எஃப் ஷார்ப் அந்தர காந்தாரம். தம்புராவில் யாரும் மீட்டாமலே தானாக ஒலிக்கிற காந்தாரம் இருக்கிறதே, அந்தச் சுத்தமான இடத்தைவிட டியூனர் காட்டுகிற இடம் சுமார் 14 சென்ட் உயரம் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). நான்காவது ஸ்ட்ரிங்கில் நான்காவது பிரெட்டுக்குச் சற்று முன்னால் அமுக்காமல் விரலால் தொட்டு மட்டும் மீட்டி ஹார்மோனிக் எடுங்கள், அது 734 ஹெர்ட்ஸ். மூன்றாவதில் ஐந்தாவது பிரெட் ஹார்மோனிக் 740. இரண்டையும் ஒன்றாக ஒலிக்கவிட்டால் நொடிக்கு ஆறு தடவை அலை அடிப்பது காதிலேயே கேட்கும். சாதாரண டியூனிங்கில் இந்த இரண்டு ஸ்ட்ரிங்கும் நான்காம் இடைவெளியில் (சட்ஜமத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் உள்ள தூரம்) இருப்பதால் இந்தப் பிரச்சினை தெரிவதே இல்லை.

அலை முழுக்க அடங்கும் வரை இறக்கினால் டி-யோடு தேன் மாதிரி சேர்கிறது, ஆனால் பி-யை சட்ஜமாக வைத்துச் சேர்க்கும்போது பஞ்சமம் தாழ்ந்துபோகிறது, அதே ஸ்ட்ரிங்கில் பிரெட் போட்டுப் பிடிக்கிற சுரங்களும் கூடவே தாழ்கின்றன. லூட்டில் பிரெட் நரம்பால் கட்டியது, நகர்த்திக்கொள்ளலாம். நமக்கு அந்த வசதி கிடையாது. பல மாதம் முன்னும் பின்னும் போய், டியூனர் அளவிலிருந்து 5 சென்ட் இறக்கி நிறுத்தியிருக்கிறேன். பி மைனர் அதிகமாக வருகிற உருப்படி என்றால் அந்த ஐந்து சென்ட்டையும் இறக்காமல் விட்டுவிடுவேன்.

ஸ்ட்ரிங் விஷயம்: சாதாரண நைலான் செட்டில் மூன்றாவது ஏற்கெனவே தடியாக, மொத்தையாக ஒலிக்கும். அரைச் சுரம் இறக்கினால் இழுவிசை 11 சதவீதம் குறைகிறது, இன்னும் மங்குகிறது. எங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல் தரை, வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், ஒலி தங்கித் தங்கிப் போகும், அதில் அந்த மங்கலான நடுக்குரல் சேறாகக் கலந்துவிடும். மூன்றாவதை மட்டும் கார்பன் ஸ்ட்ரிங்காக மாற்றினேன், மெலிதாக, தெளிவாக இருக்கிறது. இங்கே கடையில் கேட்டால் முழு செட்டாகத்தான் தந்தார்கள், அதிலும் கார்பன் என்று சொல்லி விற்றது நைலானாகவே இருந்தது. பல்லவன் ரயிலில் சென்னை போனபோது தனி ஸ்ட்ரிங்காக நாலு வாங்கி வந்தேன்.

லூட்டின் சுருதிக்கே வர வேண்டுமானால் மூன்றாவது பிரெட்டில் கேப்போ, அதாவது எல்லா ஸ்ட்ரிங்கையும் சேர்த்து அமுக்கும் கிளிப். 650 மில்லிமீட்டர் ஸ்ட்ரிங் நீளம் 547 ஆகிவிடும், இடது கைக்கு நல்ல நிம்மதி. கிளாசிக்கல் கிட்டாருக்குத் தட்டையான கேப்போ வேண்டும், வளைந்ததைப் போட்டால் நடு ஸ்ட்ரிங்குகள் சரியாக அமுங்காது. போட்ட பிறகு மறுபடி சுருதி பாருங்கள்.

இரண்டு டியூனிங்குக்கும் ஒரே கிட்டாரை வைத்துக்கொண்டதுதான் நான் செய்த தவறு. ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தடவையும் நைலான் நிலைக்க ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். மாமாவின் அறுபதாம் கல்யாணத்தில் பாட்டுக்கு வாசிக்க உட்கார்ந்தபோது சுருதியை ஏற்றியிருந்தேன், கை மட்டும் லூட் அமைப்பிலேயே இருந்தது, பழகிய ஜி கார்டைப் பிடித்ததும் நடுவில் ஜி ஷார்ப் ஒலித்தது. பாடிய தங்கச்சி நின்றே விட்டாள். அடுத்த மாதமே சினிமாப் பாட்டுக்கென்று விலை குறைந்த இன்னொரு கிட்டார் வாங்கினேன், அதற்குப் பிறகுதான் இரண்டும் கையில் தனித்தனியாக உட்கார்ந்தன.

இங்கிலாந்து லூட் கலைஞர் டௌலாண்டின் உருப்படிகளை வாசிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று: அவருடைய உருப்படிகள் நிறையவற்றில் ஏழாவது ஸ்ட்ரிங் வரும். அது ஆறாவதுக்கு ஒரு முழுச் சுரம் கீழே என்றால் ஆறாவதை டி-க்கு இறக்கிச் சமாளிக்கலாம், நான்காம் இடைவெளி கீழே என்றால் ஒரு ஸ்தாயி மேலேதான் வாசிக்க வேண்டும். நான் இப்போதைக்கு ஆறோடு நிற்கிற விஹுவேலா உருப்படிகளையே வாசிக்கிறேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் முற்றத்தில் மிலான் வாசித்தால் அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்காருகிறார். காந்தாரத்தைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதில்லை.