எம்.எல்.ஏ. நிதியில் பள்ளி நூலகமும் கணினியும்: டெல்டாவில் இந்த வழி எவ்வளவு தேறும்?

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் அரசுப் பள்ளிக்கு நூலக அலமாரியோ கணினியோ வேண்டுமென்றால் பெற்றோர் முதலில் போய் நிற்பது எம்.எல்.ஏ. அலுவலகத்தில்தான். அது சரியான வாசல்தான். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். எம்.பி. நிதி 5 கோடி என்றாலும், அதை ஆறு சட்டமன்றத் தொகுதிகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒருமுறை வாங்கி வைக்கும் பொருளுக்கு இந்த வழிக்கு 5-க்கு 4 மதிப்பெண் தரலாம். வருடா வருடம் ஆகும் செலவுக்கு 1 கொடுத்தாலே அதிகம்.

இந்த வித்தியாசம் பிடிபடாததால்தான் பல மனுக்கள் கோப்பிலேயே கிடக்கின்றன. கட்டடம், அலமாரி, மேசை, கணினி, ஸ்மார்ட் திரை ஆகியவற்றைக் கேட்கலாம். நூலகர் சம்பளம், இணையக் கட்டணம், பத்திரிகைச் சந்தா, ரிப்பேர் ஆகியவற்றைக் கேட்டுப் பயனில்லை. இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால், கிடைக்க வேண்டியதும் சேர்ந்து நின்றுபோகும்.

இன்னொன்று, பணம் எம்.எல்.ஏ. கையில் இல்லை. அவர் பரிந்துரைக் கடிதம் கொடுப்பார், நிர்வாக அனுமதி தருபவர் கலெக்டர், கோப்பு நகர்வது மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில். "பண்ணித் தர்றேன்" என்று மேடையில் சொன்னதை வைத்துக்கொண்டு காத்திருப்பது வீண். கடித நகல், எண், தேதி மூன்றும் கைக்கு வந்த பிறகே வேலை தொடங்கியதாகக் கணக்கு.

மனுவுக்கு முன் மூன்று காகிதம் தயாராக வேண்டும். முதலாவது, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம். கல்வி உரிமைச் சட்டப்படி இக்குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நடவு, அறுவடை நாட்களில் கூட்டம் வைத்தால் யாரும் வர மாட்டார்கள், கையெழுத்தும் தேறாது. இரண்டாவது, இடம் யாருடையது என்பதற்கான சான்று. ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகப் பொறியாளர் வழி. அரசு மேல்நிலைப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர் வழி. கும்பகோணம் பக்கம் நிறைய இருக்கும் உதவிபெறும் பள்ளிகள், தங்களுக்கு எந்தெந்தப் பொருளுக்கும் பணிக்கும் அனுமதி உண்டு என்பதை முகமையில் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது மதிப்பீடு. சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். "10 கணினி" என்று மட்டும் எழுதினால் 10 பெட்டிதான் வரும். ஒரு கணினிக்கு 150 முதல் 200 வாட் வைத்தால் மொத்தம் 2 கிலோவாட் வரை போகும். அதற்கு 3 கே.வி.ஏ. யு.பி.எஸ்., தனி வயரிங், எர்த், பிளக் பாயிண்ட், கிரில் கதவு எல்லாமே மதிப்பீட்டில் ஏற வேண்டும். கணினிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதை விட்டுவிட்டால் கடைசியில் இரண்டு கணினி குறையும். அச்சுப் புத்தகத்துக்கு அந்த வரி இல்லை. ஒரே கடையின் விலைப்பட்டியலை இணைத்து "இவரிடமே வாங்குங்கள்" என்பதும் எடுபடாது; அரசுக் கொள்முதலுக்கு 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது.

அலமாரியிலும் கணக்கு வேண்டும். மூன்றடித் தட்டில் நடுத்தரத் தடிமனுள்ள புத்தகம் நாற்பது, ஐம்பது நிற்கும். ஐந்து தட்டுக்கு இருநூறு, இருநூற்றைம்பது. சின்னப் பிள்ளைகளின் மெல்லிய படப் புத்தகங்களை இப்படி நெருக்கி நிறுத்தினால் முதுகு தெரியாது, எந்தக் குழந்தையும் எடுக்காது. அட்டை முன்பக்கம் தெரியும் சாய்வுத் தட்டைக் கேட்டு எழுதுங்கள். மரம் வேண்டாம், கரையான் விடாது. இரும்பு அலமாரியும் சுவரை ஒட்டி நின்றால் ஐப்பசி மழையில் புத்தகத்தில் பூஞ்சணம் பூத்துவிடும். நாலு விரற்கடை தள்ளி, அடித்தட்டு தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கட்டும். வேதாரண்யம், பூம்புகார் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்றுக்கு பவுடர் கோட்டிங் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

எப்போது போவது? நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலில். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறப்பு, குறுவை, வாய்க்கால் தூர்வாரல் என்று டெல்டா எம்.எல்.ஏ.க்கள் எல்லாரும் தண்ணீரில்தான் இருப்பார்கள். தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டால் புதிய பணிக்கு அனுமதி கிடையாது.

தொடர்செலவுக்கு வேறு கதவு தட்ட வேண்டும். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நிதி தரும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷா விதிப்படி, நூலக மானியம் தொடக்கப் பள்ளியா மேல்நிலைப் பள்ளியா என்பதைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய். கணினி ஆய்வகத்துக்கு ஒருமுறை 6.40 லட்சம், பிறகு ஆண்டுக்கு 2.40 லட்சம். அந்தத் திட்டத்தில்தான் 2024-25-இல் தமிழகத்துக்கான 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. இங்கே எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டியது அவருடைய குரல்: சட்டமன்றத்தில் பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கை விவாதத்தில் பேச்சு, அல்லது ஒரு கேள்வி. பத்துப் பக்க மனுவை அவர் படிக்கப் போவதில்லை. தொகுதியில் எத்தனை பள்ளிக்கு நூலக அறை இல்லை, எத்தனை கணினி பழுது என்று அரைப்பக்கத்தில் எண்களாகக் கொடுத்தால் சபையில் அப்படியே வாசிக்கலாம். கூடவே பி.ஏ.விடம் ஒரு நகல்; கோப்பை நினைவில் வைத்திருப்பவர் அவர்தான்.

கிராம சபையில் அடிக்கடி எழும் குழப்பம் ஒன்று. சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா வசூலாகும் நூலக வரி பள்ளிக்கு வராது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டு வாதாடி, 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் வரி அது. பணம் பொது நூலகத்துக்கு. பக்கத்துக் கிளை நூலகத்தை மாணவர்களுக்குத் திறந்துவிடச் சொல்லி மாவட்ட நூலக அலுவலரிடம் கேட்கலாம், அவ்வளவே. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் பணம் தரத் தயாரென்றால் அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்ட 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

ரிப்பேருக்கு நிதி இல்லாததால் மூன்றாண்டு ஆன்-சைட் வாரண்டியை (பள்ளிக்கே வந்து பழுது பார்ப்பது) மதிப்பீட்டிலேயே எழுத வைப்பது கட்டாயம். பொருள் இறங்கும் நாளில் சீரியல் எண்ணை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, குழுவில் இருவர் கையெழுத்திட்ட பிறகே பில்லுக்குச் சம்மதம் சொல்லுங்கள்.